சித்து நாலு முதல் பதினாலு வரை

29 ஜனவரி 2001, திங்கள்

வங்கியில் இலவசமாகக் கொடுத்த டைரி. ஒரு மாதமாக மேசை மேல் சும்மா கிடந்தது. இன்றைக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் கிடைத்தது, கேட்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாள் டிவியில் குஜராத் நிலநடுக்கத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள். அவளிடம் போய் என் கதையைச் சொல்ல முடியுமா?

எங்கள் பயிற்சி மையம் இதுவரை ஊறுகாய், மெழுகுவத்தி, ஜெராக்ஸ் கடை என்றுதான் தொழில் சொல்லிக்கொடுத்து வந்தது. இந்த வருடம் ஏதோ வெளிநாட்டு நிதி வந்திருக்கிறது. கலைத் தொழில் நடத்துகிறவர்களுக்கு நாலு வாரப் பயிற்சி. பேண்டு செட், மேடை அலங்காரம், கல்யாண மேக்கப், வீடியோ, நாடக டிரஸ் வாடகை. குடும்பத் தொழிலை அடுத்தவர் கையில் எப்படிக் கொடுப்பது என்பது என் பாடம். விண்ணப்பப் படிவமும் என் கைவேலைதான்.

பதினேழாவது படிவத்தை எடுத்தேன். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பெயர் முனிராஜ். வயது அறுபத்து மூன்று. கௌதமா டிரஸ் கம்பெனி, ஜோகுபாளையம். பள்ளி ஆண்டுவிழா, மாறுவேடப் போட்டி, நாடகங்களுக்கு உடைகள் வாடகைக்கு. ‘உங்களுக்குப் பின் தொழிலை நடத்தப்போவது யார்?’ என்ற கேள்விக்கு, ‘பயிற்சியில் சொல்கிறேன்’ என்று பதில்.

என் அப்பா. ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. நான் இங்கே வேலை பார்ப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

30 ஜனவரி

இயக்குநர் ஜெயலட்சுமி மேடம் பட்டியலைப் பார்த்து, “அறுபது தாண்டினவர் எதுக்கு சித்தார்த்? எடுத்துடலாமே” என்றார். சரி என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். “என் பாடத்துக்கு வயசானவங்கதான மேடம் வேணும்” என்றேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை.

5 பிப்ரவரி

முதல் நாள். வருகைப் பதிவேட்டை நான்தான் படிக்க வேண்டும். சிவசங்கரன், மேடை அலங்காரம். உஷா, கல்யாண மேக்கப். மைக்கேல்ராஜ், பேண்டு செட். இப்படிப் பதினாறு பேர் வரைக்கும் தடங்கலில்லாமல் போனது. பதினேழில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஜென்மத்தில் கிடையாது. யாராவது கேட்டால்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன்.

“பதினேழு” என்றேன்.

கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் புது நோட்டு. கழுத்தில் இஞ்சு டேப்பு இல்லாமல் அவரைப் பார்த்ததே அபூர்வம்.

“எல்லாரையும் பேர் சொல்லித்தான கூப்டீங்க சார்? என்னியும் பேர் சொல்லியே கூப்டுங்க. நா இன்னா ஜெயில்லயா கீறேன், நம்பர் சொல்ல?”

வகுப்பே சிரித்தது. சார்! என்னை சார் என்கிறார்.

“முனிராஜ்” என்றேன்.

“உள்ளேன் சார்.”

மத்தியானம் சாப்பிடவில்லை.

7 பிப்ரவரி

இது என்ன பிடிவாதம்? நானும் காட்டிக்கொள்வதில்லை, அவரும் காட்டிக்கொள்வதில்லை. வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. உஷா அவரைத் “தாத்தா” என்கிறாள். அவரும் ஜோராகச் சிரிக்கிறார். என்னிடம் சிரித்தது எப்போது?

சண்டையை எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது சின்னதாகத் தெரிகிறதா பார்ப்போம்.

சின்ன வயதில் கடையில் எனக்கு ஒரே வேலை, முக்காலி மேல் நிற்பது. புதிதாக எந்த டிரஸ் தைத்தாலும் என் உடம்பை வைத்துத்தான் அளவு. ராஜா, மந்திரி, புலி, முருகன், ராணி, எல்லாம் நான்தான். முருகன் டிரஸ்ஸை மட்டும் மற்றதோடு துவைக்க மாட்டார், தனி பக்கெட். புத்தர் படம் மாட்டின கடையில் முருகனுக்குத் தனி மரியாதை. கேட்டால், “போட்டுக்கிற கொழந்த சாமின்னு நெனச்சிதான போட்டுக்கிது” என்பார்.

பதினாலு வயதில் ஒரு சாயங்காலம். சர்ச் நாடகத்துக்கு ஏஞ்சல் டிரஸ், முதுகில் ரெக்கை. தெருவில் போன என் வகுப்புப் பையன்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் எனக்கு ஏஞ்சல் என்றே பேர். அன்றைக்கு முக்காலியை விட்டு இறங்கினவன் திரும்ப ஏறவில்லை.

96இல் அம்மா போய்விட்டாள். பத்தாம் நாள், வந்தவர்கள் எல்லாரும் கிளம்பின பிறகு அப்பா கேட்டார்: “கடைக்கி வந்து ஒக்கார்றியா சித்து?” அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். “சும்மா குடுத்தாக்கூட எனக்கு அந்தக் கடை வாணாம். யாருக்காவது குடுத்துட்டு வூட்ல இரு” என்று கத்தினேன். “சரி” என்றார். நான் ஃப்ரேசர் டவுனில் இந்த மாடி அறையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எழுதினாலும் சின்னதாகத் தெரியவில்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

துணி துவைத்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவினேன். கோல்ஸ் பார்க்கில் மூன்று சுற்று. அப்பா கடை இருக்கிற அல்சூர் பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை.

14 பிப்ரவரி

இன்று என் பாடத்தின் முக்கியமான பகுதி. நான் எழுதின கையேட்டின் நாலாம் பக்கம். ‘உங்கள் வாரிசிடம் ஒரே ஒரு தடவை, தெளிவாகக் கேளுங்கள். பதிலை நம்புங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்காதீர்கள். அழுது காட்டாதீர்கள். வேண்டாம் என்றால், ரத்தத்தை விட்டுவிட்டுத் திறமையைப் பாருங்கள்.’

மைக்கேல்ராஜ் சண்டைக்கு வந்தார். “அது எப்டி சார்? பசங்க மொதல்ல வேணான்னுதான் சொல்லுவாங்க. கல்யாணம் வேணுமாடான்னு கேட்டாலே வேணான்னுதான சொல்றானுங்க!”

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, வளர்ந்த மனிதன் வாயால் சொன்னதை நம்பாமல் இருப்பது அவனை அவமானப்படுத்துவது என்றேன். நன்றாகத்தான் பேசினேன். சிவசங்கரன் கை தட்டினார்.

கடைசி பெஞ்சிலிருந்து, “சார், ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க.”

“ஒரு தடவன்னா, ஒரே தடவதானா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கை தட்டல் வாங்கின திமிர் இன்னும் இறங்கவில்லை. “ஒரே தடவைதான்” என்றேன்.

குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் என்னைக் கேட்டதும் ஒரே தடவைதான். இத்தனை வருடமும், மறுபடி கேட்பார், கேட்கட்டும், அப்போது இருக்கிறது அவருக்கு என்றுதானே உட்கார்ந்திருக்கிறேன்? கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும் இல்ல? ஒரு தடவ கேட்டுட்டு வுட்டுட்றதா? பெத்த அப்பன்தான?

சீ. என்ன ஜென்மம் நான்.

20 பிப்ரவரி

பயிற்சி: ‘கடையில் எல்லாம் போய்விட்டாலும் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாதது எது?’ உஷா தன் கையைக் காட்டினாள். மைக்கேல்ராஜ், “எங்க ஆளுங்க சார், அத்தினி பேரும் குடிகாரனுங்க, ஆனா சுதி தப்ப மாட்டானுங்க” என்றார்.

அப்பா எழுந்தார். “அளவு பேப்பரு சார். சித்து நாலுலேந்து சித்து பதினாலு வரிக்கும்.”

எனக்குக் கையில் சாக்பீஸ் உடைந்தது.

“சித்துன்னா இன்னா தாத்தா?” என்றாள் உஷா.

“சைஸும்மா. எங்க கடையில சின்னது பெருசுன்னு கெடயாது. எம் பையன ஒவ்வொரு வயசுலயும் நிக்க வெச்சி காக்கி பேப்பர்ல வெட்டி வெச்சிகீறேன். ஏழு வயசு கொழந்த வந்தா சித்து ஏழு. கொஞ்சம் குண்டா இருந்தா சித்து எட்டு. இத்தினி வருசத்துல ஒரு டிரஸ் பத்தலன்னு திரும்பி வந்ததில்ல.”

“பதினாலுக்கு மேல?”

“அவன் நிக்கல.”

நான் பலகைப் பக்கம் திரும்பி ‘அளவுகள்’ என்று எழுதினேன். கொட்டை எழுத்தில். அடிக்கோட்டைக் கோணலாக இழுத்து, அழித்து, திரும்ப எழுதினேன். அந்தப் பேப்பர்களை என்றைக்கோ கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். நான் போன பிறகும் தினமும் என் பேரைத்தான் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

28 பிப்ரவரி

கோலார் தங்கச் சுரங்கத்தை இன்றோடு மூடிவிட்டார்கள். மையத்தில் காவல்காரர் முதல் எல்லாருக்கும் அதே பேச்சு. பாதிப் பேருக்கு அங்கே சொந்தம். எனக்கு பிரிசில்லாக்கா ஞாபகம் வந்தது. அங்கே சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து தினம் மாரிகுப்பம் ரயிலேறி அப்பா கடைக்குத் தைக்க வருகிறவள். பதினெட்டு வருடமாக. அவள் புருஷன் சவரிமுத்து சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார்.

1 மார்ச், வியாழன்

ஒவ்வொருவரும் தங்கள் திட்டத்தை எழுந்து சொல்ல வேண்டிய நாள். தேறுகிற திட்டங்களுக்கு மையத்து வக்கீலே பத்திரம் எழுதித் தருவார். தேறாவிட்டால் இல்லை. மதிப்பெண் போடுவது நான்.

அப்பா எழுந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“எனக்கப்பறம் கடைய பிரிசில்லா நடத்தும். எங்க கடையில தைக்கிற பொண்ணு. எந்த ஸ்கூலுக்கு எப்ப ஆண்டுவிழான்னு அதுக்கு மனப்பாடம். டீச்சருங்க என்னிய கேட்டு வர்றதில்ல, அத்தத்தான் கேட்டு வர்றாங்க. இந்த வருசமே எழுதிக் குடுத்துட்டு நான் ஒதுங்கிக்கலாம்னு கீறேன். நா உசுரோட கீற வரிக்கும் கூட இருந்து பாத்துக்குவேன், குறுக்க பேச மாட்டேன்.”

சிவசங்கரன் சும்மா இருக்கக் கூடாதா? “தாத்தா, அளவெடுத்த பையன் இன்னா ஆனான்?”

“இருக்கான்.”

“அவன் கேக்க மாட்டானா நாளைக்கி?”

“நான் அவன கேட்டேன். வேணான்னான். யாருக்காவது குடுன்னான்.”

“கோவத்துல சொல்லிருப்பான் தாத்தா. இன்னொரு தடவ கேட்டுப் பாக்கறது!”

அப்பா நோட்டைப் பிரித்தார். அதற்குள் என் கையேட்டை மடித்து வைத்திருந்தார். நாலாம் பக்கம். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். “ஒரே ஒரு தடவை, தெளிவாகக் கேளுங்கள். பதிலை நம்புங்கள்.” பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாலு வாரத்தில் முதல் தடவையாக நேராக.

“நாலு நாள் இதத்தான் யோசிச்சிக்கினு இருந்தேன். திரும்பக் கேட்டா அவன நம்பலன்னு ஆயிடும். சரிதானே சார்?”



சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? வகுப்பில் முப்பத்து நாலு கண்ணும் என் மேல் இருக்கும்போது, ‘நைனா, நான்தான் அந்தப் பையன், என்னை இன்னொரு தடவை கேள்’ என்று சொல்லவா?

சொல்லியிருக்கணும்.

2 மார்ச்

அப்பா எழுதிக் கொடுத்த திட்டத் தாள் இங்கே மேசைமேல் இருக்கிறது. தேற ஐம்பது வேண்டும்.

முதலில் முப்பத்தெட்டு போட்டேன். ‘உணர்ச்சிவசப்பட்ட முடிவு, வாரிசுடன் போதிய கலந்தாலோசனை இல்லை’ என்று குறிப்பும் எழுதினேன். நல்ல தமிழ். எழுதிவிட்டு டீ போட்டேன். டீ ஆறிப்போனது.

எதற்கு அந்தக் கடை எனக்கு? ஒரு சட்டைக்குப் பித்தான் தைக்கத் தெரியுமா எனக்கு? எல்.கே.ஜி. குழந்தைக்கு மீசை ஒட்டத் தெரியுமா? ஒன்றும் தெரியாது. கடை வேண்டாம். அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஒரு பொம்பளை பதினெட்டு வருடம் ரயிலேறி வந்ததை முப்பத்தெட்டு என்று போடுவேனா? அதுவும் புருஷனுக்கு வேலை போன இந்த வாரத்தில்?

ஆனால் இரக்கப்பட்டும் போடக் கூடாது. முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வேறு யாருடைய தாளாகவோ நினைத்துக்கொண்டு படித்தேன். வகுப்பிலேயே சிறந்த திட்டம் அதுதான். அடித்துவிட்டு எண்பத்தாறு போட்டேன். குறிப்பில் ‘பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்’ என்று எழுதினேன்.

அழுதேன். டைரிதானே, எழுதினால் என்ன.

5 மார்ச்

மேடத்திடம் தாள்களைக் கொடுத்தேன். பதினேழாம் எண் என் அப்பா, அந்தத் தாளை நீங்களும் ஒரு தடவை திருத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். சாயங்காலம் கூப்பிட்டனுப்பி, “நான் தொண்ணூறு போட்டிருக்கேன். வீட்டுக்குப் போங்க சித்தார்த்” என்றார்.

எந்த வீட்டுக்கு என்று கேட்கவில்லை.

12 ஏப்ரல்

பத்திர நகல் கோப்புக்கு வந்தது. வக்கீல் மொழி, மூன்று பக்கம். கடைசியில் பேனாவால் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறது: ‘கடையின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அளவுகளின் பெயரை மாற்றக் கூடாது.’ இதெல்லாம் பத்திரத்தில் வராது என்று வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், கிழவர் கேட்கவில்லையாம்.

15 மே

பிறந்தநாள். முப்பத்தாறு. தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே கேசரி சாப்பிட்டேன்.

19 ஆகஸ்ட்

ஞாயிறு. மழை. யாரும் வரவில்லை. யார் வரப்போகிறார்கள்?

8 நவம்பர், வியாழன்

பயிற்சி முடித்தவர்களின் கடைகளுக்கு ஒரு தடவை நேரில் போய் அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. மற்ற எல்லாக் கடைக்கும் போய்விட்டேன். பதினேழை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். மேடம், “இந்த வாரம்” என்றார்.

குழந்தைகள் தினத்துக்கு இன்னும் ஆறு நாள். கடை வாசலில் தாய்மார்கள் கூட்டம். உள்ளே தொங்குகிற ரெக்கைகள், கெம்பேகவுடா தலைப்பாகைகள், புலி வால்கள். கல்லாவில் பிரிசில்லாக்கா. ஏணிமேல் சவரிமுத்து. சுரங்கத்தில் இறங்கின மனுஷன் இப்போது ஏணி ஏறுகிறார். ஒரு மூலையில் அப்பா, கழுத்தில் டேப்போடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டார்.

“வாங்க தம்பி... சார்னு கூப்டணுமா?” என்றாள் பிரிசில்லாக்கா.

“தம்பியே போதும்க்கா.” படிவத்தை எடுத்தேன். “முந்தின உரிமையாளர் குறுக்கிடறாரா?”

“யாரு, அவரா? வர்றாரு, முருகன் டிரஸ்ஸ மட்டும் தானே தொவைக்கிறாரு, பேப்பர் படிக்கிறாரு, போறாரு. கிளாசுக்கு ஒரு நாள்கூட லீவு போடல தெரியுமா தம்பி? காய்ச்சல்ல கூட வந்தாரு.” இதற்குள் ஒரு தாய் தன் குழந்தையை முன்னால் நிறுத்தினாள். அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏணிப் பக்கம் குரல் கொடுத்தாள். “சித்து ஏழு எடு!”

“யாருங்க சித்து?” என்றாள் அந்தப் பெண்.

“சைஸு மேடம்” என்றார் சவரிமுத்து, ஏணியிலிருந்து.

நான் படிவத்தில் ‘தொழில் நல்ல நிலையில்’ என்று எழுதினேன். கிளம்பியிருக்கலாம். கூட்டம் குறையும் வரைக்கும் உட்கார்ந்தேன்.

“தம்பி, ஒரு ஒதவி” என்றாள் அக்கா. “எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிக்காரங்க முப்பது பேருக்கு ராஜா மந்திரி டிரஸ் கேக்கறாங்க. எல்லாம் வளந்த ஆளுங்க. எங்க பேப்பரு பதினாலோட நின்னுட்ச்சி. ஒவ்வொண்ணா பிரிச்சித் தச்சி பேஜாரா கீது. ஒரு பத்து நிமிசம் நில்லுங்களேன்.”

“அவன் நிக்க மாட்டான்” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலிமேல் ஏறினேன். தலை ரெக்கையில் இடித்தது.

பேப்பர் கீழே இறங்கியது. “கீழ எறங்கு. இன்னும் பதினாலு வயசுன்னு நெனப்பா?”

இறங்கி நின்றேன். எழுந்து வந்தார். டேப்பு முதுகில் சில்லென்று இருந்தது. தோள், கை, மார்பு. ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா எழுதிக்கொண்டாள். மார்பு அளவை இரண்டு தடவை எடுத்தார்.

“எளச்சிட்டே. நின்னுக்கினே துன்றியா?”

அப்பா டேப்பைச் சுருட்டினார். பிரிசில்லாக்கா புதுக் காக்கி பேப்பரை மேசைமேல் விரித்து, மூலையில் நீலச் சாக்பீஸால் ‘சித்து 36’ என்று எழுதினாள்.

“காலு அளவு நாளைக்கி எடுத்துக்கலாம். வெளிச்சம் பத்தல” என்றார் அப்பா. பிறகு, என்னைப் பார்க்காமல், “வர்றியா?”

ஒரே தடவைதான் கேட்டார். வர்றேன் நைனா என்றேன்.